பால் மேல் விழுந்த பழி

ஏற்காட்டுக் குளிரில் வீட்டில் பன் செய்வது லேசான வேலை இல்லை. சேலத்தில் ஒரு மணி நேரத்தில் உப்பிவிடும் மாவு, இங்கே தை மாதத்தில் அடுப்போரம் வைத்தாலும் சோம்பல் முறித்துக்கொண்டுதான் எழுந்திருக்கும். போன பொங்கல் லீவில் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் எம்.எஸ்ஸி. படிக்கும் என் மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, இதைத்தான் நாங்க லேபில வளர்க்கிறோம்" என்றாள்.

ஈஸ்ட்டுக்குள் சுமார் 6,000 ஜீன்கள், அதாவது மரபணுக்கள், இருக்கின்றனவாம். 1996-இல் அத்தனையையும் படித்து முடித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவைதான் உயிருக்கு அத்தியாவசியம். மற்றவற்றில் ஏதோ ஒன்று இல்லாவிட்டாலும் ஈஸ்ட் பிழைத்துக்கொள்கிறது. ஒரு ஜீனை எடுத்தால் வெள்ளை ஈஸ்ட் சிவப்பாக வளருமாம்! பலவற்றில் வித்தியாசமே தெரியாது.

"அப்போ அதெல்லாம் தண்டமா?" என்றேன்.

"வழக்கமான சாப்பாடு போட்டா தெரியாதும்மா. சாப்பாட்டை மாத்தினா தெரியும்."

உதாரணத்துக்கு 'கால்-7' என்று ஒரு ஜீன். நடக்கிற காலா என்று கேட்டேன். காலக்டோஸ் என்ற சர்க்கரையின் சுருக்கமாம். இந்த ஜீன் இல்லாத ஈஸ்ட் குளுக்கோஸில் ஜோராக வளரும். காலக்டோஸ் கொடுத்தால் வளர்ச்சி நின்றுவிடும். சர்க்கரை பாதி வழி மாறி, மேலே போக முடியாமல் உள்ளேயே தேங்கி விஷமாகிறது. முதல் படியையும் சேர்த்துத் தடுத்துவிட்டால், அதே ஈஸ்ட் வேறு உணவைத் தின்று பிழைத்துக்கொள்ளும். மனிதர்களுக்கும் அந்த வழியில் மருந்து தேடுகிறார்கள். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் பி.ஜே. பட் ஈஸ்ட்டின் இந்தக் காலக்டோஸ் விஷயத்தைப் பற்றியே 2008-இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

"காலக்டோஸ் எதில இருக்கு?" என்றேன்.

"பால்லதாம்மா. தாய்ப்பால்லயும்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. சேலத்தில் இருக்கும் என் அக்கா மகள் அத்தை மகனையே கட்டிக்கொண்டவள். அவளுடைய தலைச்சன் குழந்தை பிறந்தபோது மூக்கும் முழியுமாக இருந்தது. பால் குடிக்க ஆரம்பித்ததும் வாந்தி, சோர்வு, நாளுக்கு நாள் ஏறிய மஞ்சள் காமாலை. பன்னிரண்டாம் நாள் போய்விட்டது. "உன் பால்தான் ஆகலை" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்ன சொல்லை அவள் மூன்று வருஷம் சுமந்தாள். நானும் அன்று வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் பாலில் ஒரு குற்றமும் இல்லை. குழந்தையிடம் கால்-7-க்கு ஈடான ஜீன் வேலை செய்யவில்லை. காலக்டோசீமியா என்று பெயர், மிக அபூர்வம். தாய், தகப்பன் இருவருமே பழுதான பிரதி ஒவ்வொன்றை வைத்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள் கட்டும்போது இப்படி ஜோடி சேர்வது அதிகம்.

இரண்டாவது பிரசவத்தில் டாக்டர் பழைய கதையைக் கேட்டதுமே உஷாரானார். மூன்றாம் நாள் குதிகாலில் ரத்தம் எடுத்தார். முடிவுக்குக் காத்திராமல் லாக்டோஸ் இல்லாத சோயா குழந்தை உணவுக்கு மாற்றினார். சந்தேகம் உறுதியாயிற்று.

இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள், சகோதரிகளே. பச்சைக் குழந்தைக்குக் காமாலை வருவது சகஜம்; பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் காமாலையோடு வாந்தியும், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பதும் சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். வீட்டில் முன்பு ஒரு குழந்தை தவறியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது நாலு வயசு. கண்ணையும் பேச்சையும் அவ்வப்போது பரிசோதிக்கிறார்கள். பேச்சு கொஞ்சம் தாமதம்தான். பொங்கலுக்கு இங்கே வந்திருந்தாள். அன்று நான் பிசைந்த மாவே அவளுக்காகத்தான். பாலும் வெண்ணெயும் இல்லாமல், தண்ணீரும் எண்ணெயும் மட்டும் விட்டது. சாயங்காலம்தான் உப்பிற்று. சூடாக இரண்டு தின்றாள். மூன்றாவதைப் பாவாடையில் மறைத்துக்கொண்டு போனாள்.