குழாய்த் தண்ணீர் ஏன் ருசிக்கவில்லை?

குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு வாய் குடித்ததும் முகம் சுளிப்பது நம் வீடுகளில் பழகிப்போன காட்சி. ஒரு தெருவில் 'மருந்து வாடை' என்பார்கள், அடுத்த தெருவில் 'சவர் தண்ணி' என்பார்கள், போர் தண்ணீர் வீட்டில் 'இரும்பு வாடை' என்பார்கள். உடனே கேன் தண்ணீருக்கு ஃபோன் போகும். கொஞ்சம் வசதி இருந்தால் சமையலறைச் சுவரில் ஒரு ஆர்.ஓ. ஏறிவிடும். ருசி எதனால் கெட்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பல வீடுகளில் அந்தச் செலவே இருக்காது.

முதலில், அதிகம் திட்டு வாங்கும் மருந்து வாடை. அது குளோரின். நீரேற்று நிலையத்தில் கலந்த குளோரின் கடைசி வீட்டுக் குழாய் வரை கொஞ்சமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. வழியில் எங்காவது குழாய் விரிசலில் கழிவுநீர் நுழைந்தால், கிருமியை அடக்க நமக்கிருக்கும் ஒரே காவல் இந்த மிச்சம்தான். ஆகவே லேசான மருந்து வாடை வந்தால் தண்ணீர் கெட்டுப்போனது என்று பொருள் இல்லை. ஊரில் வயிற்றுப்போக்கு பரவும் நாட்களில் அந்த வாடை அறவே வராமல் இருப்பதுதான் கவலைக்குரியது.

நாக்குக்கு அது பிடிக்கவில்லை என்றால் செலவில்லாத வழி உண்டு. வாயகன்ற பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மூடி, சில மணி நேரம் விட்டால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். காய்ச்சினால் இன்னும் சீக்கிரம் போகும். மண்பானையில் குளிர்ந்த தண்ணீரில் மிச்ச வாடையும் தெரியாது, ஏனென்றால் குளிர்ச்சி நாக்கின் கூர்மையை மழுக்கும். கரித்தூள் வடிகட்டியும் குளோரினை நன்றாகவே உறிஞ்சும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. குளோரின் போன தண்ணீருக்குக் காவல் இல்லை. அதை நாள்கணக்கில் வைத்திருக்காமல், கையை விட்டு மொள்ளாமல், மூடிவைத்து ஒரு நாளுக்குள் குடித்துவிட வேண்டும்.

பானையில் வெட்டிவேர், நன்னாரி, சீரகம், துளசி போடுவது நம் வழக்கம். ருசிக்கு அதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அது வாடையை மறைக்குமே தவிர தண்ணீரைச் சுத்தம் செய்யாது. தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும். தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். நாக்கு சொல்வதை நம்பித் தண்ணீரை 'நல்லது' என்று முடிவுகட்ட முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தலைமுறைகளாகப் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை படிந்தது, எலும்பு வளைந்தது. காரணம் நிலத்தடி நீரிலிருந்த ஃப்ளோரைடு. அதைக் குடித்தவர்கள் யாரும் ருசியைக் குறை சொல்லவில்லை, ஃப்ளோரைடுக்கு ருசியே கிடையாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது தர அளவு. காய்ச்சினாலும் அது போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் ஃப்ளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். கடைசியில் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாகக் காவிரி நீரைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. உரம் போட்ட வயல்களுக்கும் கழிவுநீர்த் தொட்டிகளுக்கும் பக்கத்திலுள்ள கிணறுகளில் சேரும் நைட்ரேட்டும் இப்படித்தான் ருசி காட்டாது. 45 மில்லிகிராமைத் தாண்டினால் பால்புட்டிக் குழந்தைகளுக்கு ஆபத்து. கிணற்று நீரோ போர் நீரோ குடிப்பவர்கள், இனிக்கும் தண்ணீராக இருந்தாலும், ஒருமுறையாவது ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது அவசியம்.

சரி, மெட்ரோ வாட்டரின் ருசி ஏன் மாதத்துக்கு மாதம் மாறுகிறது? சென்னைக்குத் தண்ணீர் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள், கண்டலேறு வழியாக வரும் கிருஷ்ணா, வீராணம் வழியாக வரும் காவிரி, மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உப்பு நீக்கிய கடல்நீர் என்று பல மூலங்கள். எந்தப் பகுதிக்கு எது எவ்வளவு போகிறது என்பதைப் பொறுத்து ருசி மாறும். கோடையில் ஏரி வற்றிப் பாசி பெருகினால் மண் வாடை அடிக்கும். பாசியும் சில நுண்ணுயிர்களும் விடும் ஜியோஸ்மின் என்ற பொருள் அதற்குக் காரணம். மிகச் சொற்ப அளவில் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும், உடம்புக்குக் கெடுதல் இல்லை, கரி வடிகட்டியில் குறையும். கோயம்புத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீரை உலகில் இரண்டாவது சுவையான தண்ணீர் என்பார்கள். முதலாவது எது, மதிப்பெண் போட்டது யார் என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் காட்டு மழைநீர், உப்பு சேர வாய்ப்பில்லாத மலை, இந்த இரண்டும்தான் அந்த ருசி என்பதில் சந்தேகமில்லை.

தெருக்குழாய் வரை நன்றாக வந்த தண்ணீர் நம் வீட்டுக்குள் வந்துதான் கெடுகிறது என்பது பலருக்குக் கசப்பான செய்தி. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. தெருவிலிருந்து நேராக வரும் இணைப்பில் ஒரு டம்ளர், சமையலறைக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து இரண்டையும் முகர்ந்து, குடித்துப் பாருங்கள். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது நாறினால், கோளாறு உங்கள் சம்பிலோ மாடித் தொட்டியிலோ துருப்பிடித்த இரும்புக் குழாயிலோ இருக்கிறது. காலையில் முதலில் வரும் செந்நிறத் தண்ணீர் இரவு முழுக்கக் குழாயில் தேங்கிய நீர். அதைச் செடிக்கு விட்டுவிடலாம்.

தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுவது நல்லது. அடியிலுள்ள சேற்றை வெளியேற்றி, பிரஷ்ஷால் தேய்த்து அலச வேண்டும். பிறகு நிரப்பும்போது 1,000 லிட்டருக்கு சுமார் 4 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கறை போகட்டும் என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நுரையீரலைப் பொசுக்கும் குளோரின் வாயு கிளம்பும். நெடுநாள் மூடிக்கிடந்த சம்பில் யாரையும் சட்டென்று இறக்காதீர்கள். உள்ளே பிராணவாயு குறைந்திருக்கும். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்துபோகும் செய்தியை நாளிதழ்களில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்.

வாடகை வீடாக இருந்தால்? தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, தண்ணீர்க் குழாய்களை மாற்றித் தருவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவருடையது. எந்தத் தகராறு என்றாலும் வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்தக்கூடாது.

போர் தண்ணீரின் சங்கதி வேறு. சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது என்றால் கடினத்தன்மை. அது ருசியையும் வேலையையும் கெடுக்குமே தவிர, அவ்வளவாக உடம்பைக் கெடுக்காது. பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வைத்தபின் செம்மண் நிறமானால் இரும்பு. காற்றுப்பட உயரத்திலிருந்து விழவைத்து, படியவிட்டு, மணல் வடிகட்டியில் விட்டால் பெருமளவு போகும். அழுகிய முட்டை வாடைக்கு ஹைட்ரஜன் சல்பைடு காரணம், அதுவும் காற்றுப்பட்டால் குறையும். கரிப்பு மட்டும் இந்த வைத்தியம் எதற்கும் மசியாது. உப்பை எடுக்க ஆர்.ஓ.தான் வேண்டும், அல்லது மழைநீர் வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஆர்.ஓ. விற்பனைப் பிரதிநிதி வீட்டுக்குள் வருகிறார். மேசைமேல் இரண்டு டம்ளர் வைப்பார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் இயந்திரத்தின் தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார். ஒரு நிமிடத்தில் உங்கள் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகத் திரிந்து நிற்கும், அவருடையது பளிச்சென்று இருக்கும். "இதைத்தான் சார் உங்க குழந்தை குடிக்குது" என்பார். பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டிக்கு வயிற்றைக் கலக்கும். உண்மையில் அந்த நிறம் தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வருகிறது. தாதுக்கள் உள்ள நீரில் மின்சாரம் பாயும், இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கும். ஆர்.ஓ. நீரில் தாது மிகக் குறைவு, மின்சாரம் பாயாது, கம்பியும் கரையாது. அடுத்தமுறை வந்தால் அவருடைய டம்ளரிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அதுவும் நிறம் மாறும்.

அவர் கையிலுள்ள டி.டி.எஸ். மீட்டரும் பாதி உண்மைதான் சொல்லும். கரைந்த உப்புகள் மொத்தம் எவ்வளவு என்பதை அது ஏறக்குறையக் காட்டும். கிருமியைக் காட்டாது. ஈயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி, முழு எண்ணில் ஓடும் மீட்டருக்கு அது கண்ணிலேயே படாது. டி.டி.எஸ். 500-க்குள் இருந்தால் ஏற்கத்தக்கது, மாற்று வழி இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. 500-க்குக் கீழுள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டாம், தடைவிதித்து விதிகளை வகுக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. காரணம் வீணாகும் தண்ணீர். சாதாரண வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் தருவதற்குள் இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளிவிடும். இருக்கும் தாதுவையும் எடுத்துவிடுவதால் தண்ணீர் சப்பென்று ஆகிவிடும். ருசிக்காக வாங்கிய இயந்திரம் ருசியையே எடுத்துவிடுவது நல்ல வேடிக்கை. 1,000-க்கு மேல் உப்புள்ள போர் நீர், ஃப்ளோரைடு அல்லது நைட்ரேட் நிரூபணமான நீர், இவற்றுக்கு ஆர்.ஓ. வாங்கலாம். மெட்ரோ வாட்டருக்கு மட்டும் என்றால் கரி வடிகட்டியும் காய்ச்சுதலும் போதும் என்பது என் முடிவு. எதை வாங்கினாலும் வடிகட்டியைக் காலத்தில் மாற்றாவிட்டால் அதுவே கிருமிக் கூடாகிவிடும்.

பயமுறுத்தி விற்பது தவறான விளம்பரமாக இருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. கேன் தண்ணீருக்கும் இதே சட்டம்தான். கேனில் நிறுவனத்தின் பெயர், முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றுமே ஒட்டாத கேனை, அண்ணாச்சி எவ்வளவு வேண்டியவரானாலும், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, வீட்டு வைத்தியம் செய்யக்கூடாத நிலை. தண்ணீரில் சாக்கடை வாடை, கறுப்பு நிறம், திடீர்க் கலங்கல் இருந்தால் அது குழாயில் கழிவுநீர் கலந்ததன் அறிகுறி. நேரம் வைத்துத் தண்ணீர் விடும் ஊர்களில் குழாய் காலியாக இருக்கும்போது வெளிநீர் உள்ளே கசியும். தெருக்குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் அந்தக் கசிவை இன்னும் வேகமாக இழுக்கின்றன. மோட்டார் வைப்பது சட்டவிரோதம் மட்டுமில்லை, தெருவுக்கே நோயை இழுத்துவரும் காரியம். இப்படிப்பட்ட தண்ணீரைக் குடிக்கவோ, பல் துலக்கவோ, பாத்திரம் கழுவவோ வேண்டாம். வேறு தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

உடனே புகார் செய்யுங்கள். சென்னையில் குடிநீர் வாரியத்தின் எண் 1916. மற்ற இடங்களில் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி அலுவலகம், முதல்வர் உதவி மையம் 1100. ஃபோனில் சொன்னதோடு விடாமல் புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், தெரு, எத்தனை வீடுகளில் என்ற விவரத்தோடு அக்கம்பக்கத்தார் கையெழுத்திட்ட மனுவும் கொடுங்கள். தண்ணீரைச் சோதிக்க, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன, கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். உப்புச் சோதனைக்கு, அதே தண்ணீரில் அலசிய சுத்தமான பாட்டில் போதும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய பாட்டிலில் பிடித்து, குளிர்ச்சியில் வைத்து, அன்றே சேர்க்க வேண்டும். 100 மில்லி நீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது.

உங்கள் பகுதித் தண்ணீரை வாரியமே சோதித்த முடிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். மாசற்ற நீரும் காற்றும் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே நல்ல தண்ணீர் கேட்பவர் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. தெருவில் பத்துப் பேர் சேர்ந்து கேன் வாங்கக் காசு போடுவதற்கு முன்னால், அதே பத்துப் பேர் ஒரு மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.