புது மனையில் இணைய வடம்: செலவு யாருடையது?

வயலாகவோ தோப்பாகவோ கிடந்த நிலம் மனைகளாகப் பிரிக்கப்படும்போது, அங்குக் குடிவரப் போகும் குடும்பங்களுக்குப் பாதை, குடிநீர், வடிகால், மின்சாரம் ஆகிய நான்கும் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. இந்நான்கிற்கும் பொறுப்பாளர் யார், பணம் கட்ட வேண்டியவர் யார் என்பதற்குச் சட்டமும் வழக்கமும் உண்டு. அண்மைக் காலத்தில் ஐந்தாவதாக ஒன்று இவ்வரிசையில் வந்து நிற்கின்றது. அதுவே இணையம். ஆனால் அதற்கு யார் செலவு செய்வது என்னும் கேள்விக்குப் பல இடங்களில் இன்னும் தெளிவான விடை இல்லை.

கைப்பேசியில்தான் இணையம் வருகின்றதே, வடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஊருக்குப் புறத்தே அமைந்த பல மனைப்பிரிவுகளில் கைப்பேசி அலை வீட்டினுள் சரிவர எட்டுவதில்லை. ஒரே வீட்டில் மகள் பாடம் கேட்கவும், தந்தை அலுவல் பார்க்கவும், பாட்டி வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசவும் விரும்பினால், அச்சுமையைத் தளராமல் தாங்க வல்லது கண்ணாடி இழை வடமே. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணைப்பு உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இடையே எவ்வளவு பெரிய பள்ளம் விழுந்தது என்பதைப் பெற்றோர் அனைவரும் அறிவர்.

செலவு எங்கே இருக்கின்றது?

இணைய வடத்துக்கான செலவை நான்கு கூறுகளாகப் பிரித்துப் பார்க்கலாம். மனைப்பிரிவின் தெருக்களில் பள்ளம் தோண்டிக் குழாயும், இடையிடையே மூடியிட்ட குழித்தொட்டிகளும் அமைப்பது முதற்கூறு. அக்குழாய்க்குள் கண்ணாடி இழையைச் செலுத்துவது இரண்டாவது. ஊரிலுள்ள தொடர்பு நிலையத்திலிருந்து மனைப்பிரிவின் வாயில்வரை வடத்தைக் கொண்டுவருவது மூன்றாவது. தெருவிலிருந்து வீட்டுக்குள் இணைப்புக் கொடுப்பது நான்காவது.

இவற்றுள் கண்ணாடி இழையின் விலை சிறிது. தோண்டுவதும் மூடுவதும், வெட்டிய சாலையைச் செப்பனிடுவதுமே பெருஞ்செலவு. குடிநீருக்கும் வடிகாலுக்கும் பள்ளம் திறந்து கிடக்கும் வேளையில் கூடவே ஒரு குழாயையும் இட்டுவிட்டால் ஆகும் செலவு சொற்பமே. தார்ச்சாலை போட்டு, வீடுகள் எழுந்தபின் அதே வேலையைச் செய்யப் புகுந்தால் செலவு பன்மடங்காகும். ஆகவே, பணம் கட்டுவது யார் என்னும் கேள்வியோடு, பள்ளம் திறந்திருக்கும் நாளில் அவ்விடத்தில் நிற்பவர் யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். அன்று அங்கே நிற்பவர் நிலத்தைப் பிரித்து விற்பவர். மனை வாங்கப்போகும் குடும்பம் அன்று அவ்விடத்தில் இல்லை.

ஆஸ்திரேலியா கண்ட வழி

நம் மக்கள் பலரும் குடியேறியுள்ள ஆஸ்திரேலியாவில் இக்கேள்வி வெளிப்படையாகவே ஆராயப்பட்டது. நாடெங்கும் அதிவேக இணைய வலைப்பின்னலை அமைக்க அந்நாட்டு அரசு 2009-இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கிற்று. 2011-இல் இயற்றப்பட்ட சட்டம், பதிவு பெற்ற நிறுவனமாக இயங்கும் மனை வணிகர், கண்ணாடி இழை செல்லத்தக்க குழாயும் குழித்தொட்டியும் அமைக்காமல் மனைகளை விற்கலாகாது என்று விதித்தது. அதாவது, முதற்கூற்றின் செலவு மனை வணிகருடையதாயிற்று. இழையை இடும் செலவை அரசு நிறுவனமே ஏற்றது.

ஆனால் இதிலும் ஒரு குறை கண்டனர். அரசு நிறுவனம் இலவசமாகச் செய்யும்போது, அதே பணியைச் செய்ய முன்வரும் தனியார் நிறுவனங்கள் போட்டியிட இயலவில்லை. மேலும், மனை விற்று ஆதாயம் பெறுவோருக்கு ஆகும் செலவை வரி கட்டும் பொதுமக்கள் ஏன் சுமக்க வேண்டும் என்னும் வினாவும் எழுந்தது. எனவே 2015 மார்ச்சு மாதம் முதல் புதிய ஏற்பாடு வந்தது. தனி வீட்டு மனை ஒன்றுக்கு 600 டாலரும், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு 400 டாலரும் அரசு நிறுவனத்துக்கு மனை வணிகர் செலுத்த வேண்டும் என்றும், முதல் இணைப்பின்போது 300 டாலர் குடியிருப்போரிடமிருந்து பெறப்படும் என்றும் விதிக்கப்பட்டது. வடம் தொலைவிலிருந்து வரவேண்டியிருப்பின், அச்செலவிலும் ஒரு பகுதியை மனை வணிகர் ஏற்கலாயினர்.

ஆயினும் ஓர் ஓட்டை எஞ்சியிருந்தது. சட்டம் நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தியதால், தனி ஆட்களாகவும் அறக்கட்டளை வடிவிலும் மனை பிரித்தோர் அக்கடமையினின்று தப்பினர். அவர்களிடம் மனை வாங்கிய குடும்பங்கள் தம் செலவில் மீண்டும் பள்ளம் தோண்ட நேர்ந்தது. 2021-இல் செய்யப்பட்ட திருத்தம் இவ்வோட்டையை அடைத்தது.

இங்கிலாந்து வைத்த வரம்பு

இங்கிலாந்திலோ கட்டட விதிகளின் வழியாகவே இக்கடமை வந்தது. 2022 டிசம்பர் 26 முதல், புது வீடு கட்டுவோர் அதிவேக இணையத்துக்கு ஏற்ற குழாய் முதலியவற்றை அமைப்பதோடு, இணைப்பையும் பெற்றுத் தர வேண்டும். ஆனால் ஒரு வீட்டுக்கான இணைப்புச் செலவு 2,000 பவுனுக்கு மேற்பட்டால் அக்கடமை தளர்த்தப்படும். அவ்வரம்புக்குள் கிடைக்கும் அடுத்த நல்ல இணைப்பைத் தந்தால் போதும். தொலைதூரச் சிற்றூரில் ஒரே ஒரு வீடு கட்டும் எளியவரை இவ்விதி நசுக்காதிருக்க வேண்டும் என்பதே இவ்வரம்பின் நோக்கம்.

நம் நாட்டு நிலை

இனி நம் தமிழகத்தின் லே-அவுட்டுகளைப் பார்ப்போம். இங்கே மனைப்பிரிவுக்கு ஒப்புதல் பெறுவோர், அதன் சாலைகளை உள்ளாட்சி மன்றத்துக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். ‘ரெரா’ என வழங்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், மனைப்பிரிவினுள் செய்யத்தக்க பணிகள் எவை என்பதைப் பட்டியலிடுகின்றது. சாலை, நடைபாதை, குடிநீர், கழிவுநீர், வடிகால், பூங்கா, மரம் நடுதல், தெருவிளக்கு ஆகியன அதில் உள்ளன. இணைய வடத்துக்கான குழாய் அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ‘பிற பணிகள்’ என்னும் பொதுச்சொல்லுக்குள் அதையும் அடக்கலாம் என வாதிடலாம். ஆனால் பெயர் சொல்லப்படாத கடமையைத் தாமாக முன்வந்து ஏற்போர் அரியர்.

2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், மைய அரசு குறிப்பிடும் கட்டமைப்புத் திட்டங்களில் பொதுக் குழாய்ப் பாதைகளை அமைக்கச் செய்யவும், அவற்றை எல்லா நிறுவனங்களுக்கும் வேறுபாடின்றித் திறந்துவிடவும் வழி செய்கின்றது. 2024-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், கட்டடங்களுக்கு இணைய வசதியைப் பொறுத்து நட்சத்திரத் தரம் வழங்கும் விதிமுறைகளை வெளியிட்டது. இவை நல்ல தொடக்கங்கள். ஆயினும் ஊர்ப்புறத்தில் நாற்பது மனை பிரித்து விற்பவரை இவை நேரடியாகத் தொடுவதில்லை.

இதன் விளைவு என்ன? முதலில் வீடு கட்டிக் குடிவரும் குடும்பம் வடம் கேட்கின்றது. “இன்னும் பத்து வீடு வரட்டும்” என்று கேபிள்காரர் சொல்கின்றார். அவசரமென்றால் கம்பத்துக்கும் கம்பிக்குமான முழுச் செலவையும் அந்த ஒரு குடும்பமே கொடுக்க வேண்டியதாகின்றது. பின்னர் வருவோர் அதே வடத்தில் எளிதாக இணைந்துகொள்கின்றனர். நிலத்தடியில் இடலாமென்றாலோ, சாலை அதற்குள் ஊராட்சிக்குச் சேர்ந்துவிட்டது. அதைத் தோண்ட அனுமதி வேண்டும், செப்பனிடப் பணமும் கட்ட வேண்டும். சாலையை ஒப்படைக்கும் முன்பே வெறுங்குழாய் ஒன்றை இட்டிருந்தால் இவற்றுள் பெரும்பாலான துன்பம் எழுந்திராது.

நேர்மையான பங்கீடு

மனை வணிகர் செலவு செய்தால் அதை மனை விலையில் ஏற்றிவிடுவாரே என்பர் சிலர். உண்மைதான், இறுதியில் பணம் வாங்குவோரிடமிருந்தே வரும். ஆனால் நூறு மனைகளின்மேல் பரவிய சிறு தொகைக்கும், முதலில் குடிவந்த ஒருவர் தலைமேல் விழும் பெருந்தொகைக்கும் வேறுபாடு உண்டு. கிரயத்துக்கு முன்பே தெரிந்து கொடுக்கும் விலைக்கும், சேமிப்பெல்லாம் கரைந்தபின் தெரியவரும் கடனுக்கும் வேறுபாடு உண்டு.

எனவே, தெருக்குழாயும் தொட்டியும் நிலம் பிரித்து விற்பவர் பொறுப்பாகவும், இழையும் தொலைவு வடமும் அவற்றால் மாதந்தோறும் வருவாய் பெறும் நிறுவனத்தின் பொறுப்பாகவும், வாசலிலிருந்து வீட்டுக்குள் வருவது குடியிருப்போர் பொறுப்பாகவும் இருப்பதே முறையாகத் தோன்றுகின்றது. நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகாத சிற்றூர்களில் அரசு கைகொடுக்க வேண்டும். அண்ணன் தம்பியர் பூர்விக நிலத்தை இரண்டாகவோ மூன்றாகவோ பாகம் பிரித்துக் கொள்ளும்போது, பெருவணிகருக்குரிய சுமையை அவர்கள்மேல் ஏற்றலாகாது.

சட்டம் வரும்வரை குடும்பங்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. முன்பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தெருவில் இணைய வடத்துக்கெனத் தனிக்குழாய் இடப்பட்டுள்ளதா? அது ஒரே நிறுவனத்துக்கு உரியதா, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானதா? அதன் பராமரிப்பு யாரைச் சேர்ந்தது? ஒரே நிறுவனத்துக்கு உரியதாயின், பின்னாளில் அது கேட்கும் கட்டணத்தைக் கொடுப்பதன்றி வேறு வழி இராது. விடைகளை வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அக்கம்பக்கத்து மனைக்காரர்களும் ஒன்றுசேர்ந்து கேட்டால், தனியொருவர் சொல்லுக்கு இல்லாத வலிமை அதற்கு இருக்கும்.

வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து நிலம் வாங்கும் ஒரு குடும்பம், அந்நிலத்தில் வளரப்போகும் பிள்ளைகளின் கல்விக்கான வழியும் உடன் வருகின்றதா என்று கேட்பது பேராசையன்று. அது அவர்தம் உரிமை. அந்தக் கேள்வியைப் பள்ளம் மூடப்படுமுன் கேட்பதே அறிவுடைமை.