உஷார்! காலிப்பரை மண்ணெண்ணெயில் கழுவுகிறார்களா?

அடைமழை ஓய்ந்து, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து கார்கள் சர்வீஸுக்குப் போகிற நேரம் இது. பிரேக் காலிப்பரைக் கழற்றுகிறார்களா? தயவுசெய்து பக்கத்தில் நில்லுங்கள். மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் எதிலாவது அதை முக்கப்போனால் உடனே தடுத்துவிடுங்கள். ஸ்பிரிட்டோ புது பிரேக் ஆயிலோ போதும்.

காலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. ஆயில் கசியாமல் காப்பது அதன் பாதி வேலைதான். பிரேக்கை மிதிக்கும்போது அது லேசாக வளையும். காலை எடுத்ததும் நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். பேட் டிஸ்க்கை விடுவது இந்த இழுப்பால்தான், அதற்கென்று தனி ஸ்பிரிங் கிடையாது. அந்த ரப்பரில் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, வண்டி ஜம்மென்று நிற்கும். பிறகுதான் பிஸ்டன் இறுகி, மிதிக்காமலே பிரேக் பிடித்து, சக்கரம் கொதிக்கும்.

காலிப்பர் நகரும் பின்களுக்கு பேரிங் கிரீஸைத் தடவுவதும் இதே வினைதான். அங்கே சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். பின் இறுகினால் பெரும்பாலும் உள்பக்க பேட் மட்டும் தேய்ந்து இரும்பைத் தொடும். வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு மற்ற பேட் கனமாகத் தெரியும், ஏமாந்துபோவார்.

நம் பக்கம் இது இன்னும் மோசம். கேஜ் வீல் டிராக்டர்கள் சாலையில் உதிர்க்கும் வயல் சேறு, கிழிந்த ரப்பர் உறை (பூட்) வழியே உள்ளே புகுந்து துருவாகிறது. வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு. கல்லணைக் கால்வாய்க் கரையில், எதிரே வைக்கோல் லாரி வரும்போது பிரேக் ஒரு பக்கமாக இழுத்தால் எங்கே போவீர்கள்?

பிஸ்டனில் துருக்குழி விழுந்திருந்தால் எமரி பேப்பரில் தேய்த்துப் போடச் சம்மதிக்காதீர்கள், பிஸ்டனையே மாற்றுங்கள். புது சீல் கிட் போட்டாலும் அந்தக் குழி அதைக் கிழித்துவிடும். கம்ப்ரஸர் காற்றால் பிஸ்டனை வெளியே தள்ளும்போது எதிரே விரல் வைக்கவே கூடாது, நசுங்கிவிடும். நடுவே மரக்கட்டை வைக்க வேண்டும்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140-லேயே கொதித்துவிடக்கூடும். ஆவி சேர்ந்தால் பெடல் தரைக்குப் போய்விடும். திறந்து கிடந்த பழைய பாட்டில் வேண்டவே வேண்டாம்.

வேலை முடிந்து சாவி கைக்கு வந்ததும் கியரைப் போட்டுவிடாதீர்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும் வரை முதல் சில மிதி சும்மா இறங்கும். ஷெட்டிலேயே பலமுறை மிதித்து, பெடல் கெட்டியாக நின்ற பிறகு வண்டியை நகர்த்துங்கள். நிற்கவில்லையென்றால் பிரேக் குழாயிலிருந்து மறுபடி காற்று எடுக்கச் சொல்லுங்கள்.