சொமர்வில் ஓடினாரா? – 1942 ஏப்ரலும் திருகோணமலையும்

சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், உருகி மடிந்து கிடக்கும் அந்த ஒரு தாங்கியின் முன்னால்தான் எல்லாரும் நிற்பார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானமொன்று வந்து மோதிய தாங்கி அது. ஏழு நாள் எரிந்ததாகச் சொல்வார்கள். கிண்ணியாவிலிருந்து பார்க்க வானமே கறுத்துக் கிடந்ததாம் என்பார் என் மூத்தம்மா. அந்த இடத்தில் வைத்து உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், வெள்ளைக்காரன்ட அவ்வளவு பெரிய கடற்படை அண்டைக்கு எங்க போன? ஓடிட்டானுகளா?"

சும்மா தட்டிக் கழிக்கக்கூடிய கேள்வியல்ல. அன்று கீழைக் கடற்படையின் தளபதியாக இருந்தவர் அட்மிரல் ஜேம்ஸ் சொமர்வில். தாக்குதல் நடந்த வேளையில் அவருடைய பெரிய கப்பல்கள் ஒன்றுகூட இலங்கைக்கு அருகில் இல்லை. இவ்வளவும் உண்மை. ஆனால் ஒரு தளபதியை எடைபோட, அவர் எங்கே இருந்தார் என்பது மட்டும் போதாது. முடிவெடுத்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது, தோற்றால் எதை இழந்திருப்பார் என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

கைவசம் இருந்ததைக் கணக்குப் பார்ப்போம். போர்க்கப்பல்கள் ஐந்து. அவற்றில் நான்கு முதலாம் உலகப் போர்க்காலத்துப் பழசு. மெதுவாக ஓடுபவை, எரிபொருளும் குடிநீரும் அடிக்கடி தீர்ந்துபோகிறவை. விமானந்தாங்கிக் கப்பல்கள் மூன்று. அவற்றில் ஹேர்மீஸ் சிறியது. மறுபக்கம் அட்மிரல் நகுமோ ஐந்து பெரிய விமானந்தாங்கிகளோடும் ஏறத்தாழ 300 விமானங்களோடும் வருகிறார். சொமர்விலிடம் அதில் மூன்றிலொரு பங்குகூடத் தேறாது. பகலில் நேருக்கு நேர் மோதினால் முடிவு என்னவென்று பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவரிடமிருந்த ஒரேயொரு அனுகூலம், இரவில் ரேடார் உதவியோடு டோர்பிடோ வீசக்கூடிய அல்பகோர் விமானங்கள். ஆகவே பகலில் எட்ட நின்று, இரவில் கிட்ட நெருங்குவது என்று திட்டமிட்டார். ஏப்ரல் 5 மாலை எதிரியைத் தேடி விமானங்களை அனுப்பவும் செய்தார். நகுமோவின் கப்பல்கள் தப்பிவிட்டன. ஓட நினைத்தவன் இப்படித் தேடிக்கொண்டு போகமாட்டான்.

அந்தப் படை மூழ்கியிருந்தால் பாரசீக வளைகுடாவின் எண்ணெய்ப் பாதையும், ஆபிரிக்காவைச் சுற்றி எகிப்துக்குப் போகும் பாதையும் திறந்த வீடாகியிருக்கும். திருகோணமலை எரிவதைப் பார்த்துக்கொண்டு விலகியிருப்பது, ஊர்ச்சனத்தின் கண்ணுக்குக் கோழைத்தனம். கணக்கின்படி அதுதான் சரி.

அதற்காக அவர் பிழையே விடவில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஏப்ரல் 1ஐ ஒட்டித் தாக்குதல் வரும் என்று உளவுத் தகவல் இருந்தது. இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார், எதிரி வரவில்லை. 2ஆம் திகதி இரவு, ஆபத்து நீங்கியது என்று முடிவு கட்டி, மாலைதீவின் தென்முனையிலுள்ள அட்டுவின் இரகசியத் தளத்துக்கு எண்ணெயும் நீரும் எடுக்கப் போனார். இது புரிகிறது. ஆனால் போகும்போதே படையைப் பிரித்தார். டொர்செற்ஷயர், கோர்ன்வோல் என்ற இரு கப்பல்களைக் கொழும்புக்கும், ஹேர்மீஸைத் திருகோணமலைக்கும் அனுப்பினார். 4ஆம் திகதி பிற்பகல், கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி பேர்ச்சோல் நகுமோவின் படையைக் கண்டு செய்தி அனுப்பியபோது சொமர்வில் 600 மைலுக்கு அப்பால் இருந்தார். மறுநாள் அந்த இரு கப்பல்களும் கடலுக்கடியில். 424 பேர் மாண்டனர்.

ஹேர்மீஸின் கதை இன்னும் கசப்பானது. தாக்குதலுக்கு முதல்நாள் இரவு, துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று அதை வெளியே அனுப்பினார்கள். கொழும்பில் அதே விதிதான் பல கப்பல்களைக் காப்பாற்றியது. இங்கே விமானம் ஒன்றுகூட மேலே இல்லாத விமானந்தாங்கியாக அது கடலுக்குப் போனது. காலையில் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியர் கண்டுகொண்டார்கள். சில நிமிடங்களில் முடிந்தது. தளபதி ஒன்ஸ்லோவோடு 307 பேர். காப்பாற்ற வந்த விமானங்கள் சேர்ந்தபோது கப்பல் இல்லை. சொமர்விலை விமர்சிக்க வேண்டுமென்றால் இந்தப் பிரிப்பை வைத்து விமர்சிக்கலாம். விலகி நின்றதை வைத்தல்ல.

வென்ற நகுமோவை யாரும் அன்று கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். 5ஆம் திகதி, கொழும்பைத் திரும்பத் தாக்க விமானங்களில் குண்டு ஏற்றச் சொன்னார். நடுவில் எதிரிக் கப்பல் தென்பட, இறக்கிவிட்டு டோர்பிடோ ஏற்றச் சொன்னார். தளத்தில் ஒரே குழப்பம். 9ஆம் திகதி, ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் யார் கண்ணிலும் படாமல் வந்து அவருடைய தலைமைக் கப்பல் அக்காகியைச் சுற்றிக் குண்டு போட்டன. ஒன்றும் படவில்லை, அந்த ஒன்பதில் பாதிக்கு மேல் திரும்பவுமில்லை. இரண்டு குறையையும் வெற்றி மூடிவிட்டது. ஜூன் 4இல் மிட்வேயில் அதே ஏற்று-இறக்குக் குழப்பம், அதே காவல் குறை. அக்காகி உட்பட நான்கு விமானந்தாங்கிகள் போயின.

பின்வாங்கியவரைப் பார்த்துச் சனம் பேசுவது நமக்குப் புதிதல்ல. ஹிஜ்ரி 8இல் முஃதாவில் ஸைத், ஜஃபர், அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரழி) மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஷஹீதான பிறகு கொடியை ஏந்திய காலித் இப்னு வலீத் (ரழி), மூவாயிரம் பேர் கொண்ட படையைப் பெருஞ்சேனையின் பிடியிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தார்கள். மதீனாவில் சிலர் மண்ணை வாரி வீசி, ஓடிவந்தவர்கள் என்று ஏசினார்கள். நபிகளார் (ஸல்) அதை மறுத்து, இவர்கள் ஓடிவந்தவர்களல்லர், இன்ஷா அல்லாஹ் திரும்பிச் செல்பவர்கள் என்றார்கள் என இப்னு ஹிஷாம் எழுதுகிறார். ஸஹாபியையும் ஆங்கிலேய அட்மிரலையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். அளவுகோலை மட்டுமே எடுக்கிறேன்: பின்வாங்கியது எதற்காக, காப்பாற்றிய படையை வைத்துப் பிறகு என்ன செய்தார்?

சொமர்வில் என்ன செய்தார் என்பதற்கும் நம் துறைமுகமே சாட்சி. 1944 ஏப்ரலில், அதே சொமர்வில் திருகோணமலையிலிருந்து இலஸ்ட்ரியஸ், அமெரிக்கரின் சரட்டோகா என்ற இரு விமானந்தாங்கிகளோடு புறப்பட்டார். 19ஆம் திகதி விடியற்காலை, சுமாத்திராவின் முனையில் ஜப்பானியர் வைத்திருந்த சபாங் துறைமுகத்தில் விமானங்கள் இறங்கித் தாக்கின. தரையில் நின்ற எதிரி விமானங்கள் பல எரிந்தன. இழந்தது ஒரேயொரு விமானம். கடலில் விழுந்த அதன் விமானியை, அங்கே முன்கூட்டியே நிறுத்தி வைத்திருந்த நீர்மூழ்கிக் கப்பலொன்று தூக்கிக்கொண்டு வந்தது.