பீரோவில் தூங்கும் நகை... தினமும் புதுசாகப் போடலாம்!

கல்யாணம், காதுகுத்து என்றால் மட்டும் திறக்கும் நகைப் பெட்டி நம் எல்லார் வீட்டு பீரோவிலும் இருக்கிறது. மற்ற நாளெல்லாம் அதே செயின், அதே தோடு, அதே ரெண்டு வளையல்தான். ‘போட்டுப் போட்டு அலுத்துப் போச்சு... இதை அழிச்சு வேற செய்யலாமா?’ என்ற பேச்சு ஆரம்பிப்பதும் அங்கேதான்.

கொஞ்சம் பொறுங்கள். ஒரு நகையை அழித்தால் அதற்கு அன்று கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. கல்லின் எடையையும் கழித்துவிடுவார்கள். புது நகைக்கு மறுபடியும் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் உண்டு. தங்கம் விற்கிற விலையில் இது சின்னத் தொகை இல்லை.

இருப்பதையே மாற்றி மாற்றிச் சேர்த்துப் போட்டால் என்ன? இதைத்தான் இப்போது ‘லேயரிங்’ என்கிறார்கள். பெயர்தான் புதுசு. கழுத்தை ஒட்டி அட்டிகை, அதற்குக் கீழே நெக்லஸ், அதற்கும் கீழே காசுமாலை என்று நம் வீட்டுக் கல்யாணப் பெண்கள் காலங்காலமாக அடுக்கியதுதான். அதையே அளவு குறைத்து, ஆபீஸ் காட்டன் புடவைக்கும் காலேஜ் குர்தாவுக்கும் கொண்டு வரப்போகிறோம்.

முதலில் இன்ச் டேப்!

உங்களிடம் இருக்கும் செயின், மாலை எல்லாவற்றையும் அளந்து பாருங்கள். 14 முதல் 16 இன்ச் என்றால் கழுத்தை ஒட்டி நிற்கும். 18 இன்ச் கழுத்தெலும்பைத் தொட்டு இறங்கும். 20, 22 இன்ச் இன்னும் சற்றுக் கீழே வரும். 24 இன்ச்சுக்கு மேல் போனால் நீளச் செயின்.

ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் குறைந்தது 2 இன்ச் இடைவெளி வேண்டும். ஒரே நீளத்தில் இரண்டு போட்டால் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, எதுவும் தெரியாது. தாலிச் செயின் போடுபவர்களுக்குக் கடைசி அடுக்கு ஏற்கெனவே தயார். மேலே ஒன்றோ இரண்டோ சேர்த்தால் போதும்.

அடுத்தது பருமன். ஒன்று மெல்லிய செயின், ஒன்று கொஞ்சம் தடிமன், ஒன்று மணி மாலை என்று வித்தியாசமாக இருக்கட்டும். மெல்லிய செயின்கள் இரண்டு சேர்ந்தால் சிக்கிக்கொள்ளும். டாலர் ஒன்றே ஒன்று போதும். அதுவும் நீளமான செயினில் இருந்தால், அந்தக் கனத்தில் செயின் புரளாமல் நிற்கும். அப்படியும் சிக்கு விழுந்தால் இழுக்காதீர்கள். கல், முத்து இல்லாத செயின் என்றால் ஒரு தட்டில் வைத்து, முடிச்சின் மேல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, இரண்டு ஊசிகளால் மெதுவாகப் பிரியுங்கள்.

உடை பேசினால் நகை அமைதி

காலர் வைத்த குர்தா, சட்டைக்குக் கழுத்தை ஒட்டிய நகை வேண்டாம். காலருக்கு வெளியே விழும் நீளச் செயின் அழகு. ‘வி’ கழுத்து என்றால், அந்த இடைவெளிக்குள்ளேயே டாலர் நிற்கும்படி பாருங்கள். கழுத்து மூடிய ரவிக்கைக்குக் கழுத்தை அப்படியே விட்டுவிட்டு, காதுக்குப் பெரிய ஜிமிக்கி போடலாம்.

ஜரிகை பார்டர், எம்ப்ராய்டரி ரவிக்கை என்று உடையே நிறையப் பேசினால் ஒரு செயினோடு நிறுத்துங்கள். ஒற்றை நிறக் கைத்தறிப் புடவைதான் அடுக்குவதற்கு ஏற்ற இடம். சிவப்புக் கல் அட்டிகை, அதன் கீழே ஒரு கருகமணி அல்லது முத்துச் சரம் போட்டுப் பாருங்கள். சாதாரணப் புடவைக்கே ஒரு களை வந்துவிடும். மதுரைச் சுங்குடியில் ஏற்கெனவே புள்ளிகள் நிறைந்திருப்பதால், அதற்குக் கல் இல்லாத தங்கச் செயின்களே பொருத்தம்.

கழுத்து, காது, கை மூன்றில் ஏதாவது இரண்டை மட்டும் நிறைத்து, ஒன்றை எளிமையாக விட்டால் பார்க்க நன்றாக இருக்கும்.

தங்கத்தோடு வெள்ளி சேரலாமா?

இடுப்புக்கு மேலே தங்கம், காலுக்கு வெள்ளி என்பது நம் வழக்கம். இன்று வெள்ளி ஜிமிக்கியும் தங்கச் செயினும் சேர்ந்தே போடுகிறார்கள். ஒரு சின்ன யுக்தி: வெள்ளி ஒரே இடத்தில் இருந்தால் ‘அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாளோ’ என்று தோன்றும். காதிலும் விரலிலும் என இரண்டு இடத்தில் இருந்தால், யோசித்துப் போட்டது தெரியும். இரண்டிலும் ஒரே நிறக் கல் இருந்தால் இன்னும் பாந்தம்.

புதிதாக ஒன்றே ஒன்று வாங்குவதானால், வெள்ளியில் தங்க முலாம் பூசி, சிவப்புக் கல் பதித்த டெம்பிள் டாலர் வாங்கலாம். நாகர்கோவில் வடசேரியில் கோயில் விக்கிரகங்களுக்கும் பரதநாட்டியத்துக்கும் செய்த வேலைப்பாடு இது. புவிசார் குறியீடும் பெற்றது. ஒரே டாலரைச் செயினிலும், மணி மாலையிலும், கறுப்புக் கயிற்றிலும் மாற்றி மாற்றிக் கோக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ‘916’ என்று நாம் சொல்லும் 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம். அது மென்மையானது. ஸ்டீல் வளையலோ கண்ணாடி வளையலோ பக்கத்தில் உரசிக்கொண்டே இருந்தால் தேய்வது தங்கம்தான். அவற்றை அடுத்த கைக்கு மாற்றுங்கள். அல்லது நடுவில் ஒரு பட்டு நூல் வளையலைப் போடுங்கள்.

பாட்டியின் பவழம், பேத்தியின் ஜீன்ஸ்

எங்கள் வீட்டில் பாட்டியின் பவழ மாலை ஒன்று இருக்கிறது. இரண்டு முறை அழிப்பதற்காக எடுத்துப்போய்த் திரும்பி வந்தது. எடை போட்டுப் பார்த்தால் தங்கக் குண்டுகளுக்கு மட்டும்தான் காசு. பவழத்துக்கு ஒன்றும் தேறாது என்றார்கள். ‘இருந்துட்டுப் போகட்டும்’ என்று அம்மா பீரோவில் வைத்துவிட்டார். போன வருடம் என் மகள் அதை வெள்ளைச் சட்டை, ஜீன்ஸுக்கு மேல் போட்டு, கூடவே ஒரு மெல்லிய செயினும் சேர்த்துக் காலேஜுக்குப் போனாள். ‘எங்கே வாங்கினே?’ என்று எல்லாரும் கேட்டார்களாம். அன்றிலிருந்து அந்த மாலையை அழிக்கும் பேச்சே எங்கள் வீட்டில் இல்லை.

பழைய மாலையைப் போடும் முன் நூல் இற்றுப்போயிருக்கிறதா, கொக்கி பிடிக்கிறதா என்று பார்த்து, தேவையென்றால் புது நூலில் கோத்துவிடுங்கள். முத்தும் பவழமும் வியர்வைக்கும் சென்ட்டுக்கும் மங்கிவிடும். எல்லாம் முடித்து, கடைசியாகப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள். கனமான ஜிமிக்கிக்கு மாட்டல் சேர்த்தால் காதுத் துளை இழுபடாது. கவரிங், ஃபேன்ஸி நகை போட்ட இடத்தில் அரித்தால், ‘பழகிடும்’ என்று விடாதீர்கள். அதில் கலந்திருக்கும் நிக்கல் பலருக்கு ஒத்துக்கொள்ளாது.

ரோட்டில் கவனம்

செயின் பறிப்பவனுக்குக் கவரிங் எது, தங்கம் எது என்று தெரியாது. இழுத்தால் கழுத்தில் காயம் நமக்குத்தான். டூவீலரிலும் தனியாக நடக்கும்போதும் முந்தானையாலோ துப்பட்டாவாலோ மூடிக்கொள்ளுங்கள். மேல் அடுக்குகளைப் பையில் கொண்டுபோய் ஆபீஸில் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. ஒவ்வொரு நகையையும் அதன் பில்லோடு போட்டோ எடுத்து வையுங்கள். ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து-எண்கள் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

கட்டிலில் ஒரு துண்டை விரித்து, நகைகளைப் பரப்புங்கள். அடிக்கடி உடுத்தும் மூன்று உடைகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விதமாகச் சேர்த்துப் பார்த்து, பிடித்ததைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணி அவசரத்தில் யோசிக்க வேண்டாம். படத்தைப் பார்த்து மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

அழிக்கலாம் என்று தனியாக எடுத்து வைத்த நகை இருந்தால், அதையும் அந்தத் துண்டில் வையுங்கள். அம்மாவையும் மகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். உங்களுக்கு அலுத்துப்போனது, அவர்களில் ஒருவர் கழுத்தில் புதுசாகத் தெரியலாம்!