மண்மேட்டு வெடிப்பும் ஒரு தாள் விண்ணப்பமும்

லயத்தின் பின்புறத்து மண்மேட்டில் விரல் நுழையுமளவு வெடிப்பு விழுந்திருப்பதைக் கண்ட குடும்பத்தார், அதைக் கங்காணியிடம் வாய்மொழியாகச் சொல்லி, கங்காணி துரையிடம் சொல்லியிருப்பார் என்று நம்பி, அந்த நம்பிக்கையோடே மறுநாள் பெரட்டுக்குப் போய்விடுகிற காட்சியை ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் நான் ஓயாது கண்டு வருகிறேன். மேடு சரிந்த பின் “எமக்கு எவரும் அறிவிக்கவில்லை” என்று உத்தியோகஸ்தர் கைவிரிக்கும்போது, அதை மறுத்துக் காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட எவர் கையிலும் இருப்பதில்லை.

கடதாசி இருந்தும் பிரயோஜனப்படாத கதையும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதையுண்டன. அவ்விடம் அபாயகரமானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பரில் ‘டித்வா’ புயல் நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது மலையகமே பேரிழப்பைச் சுமந்தது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர, காற்று ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. ஆகவே பெய்யும் மழை கொட்டித் தீர்க்கும் மழையாக மாறி வருகிறது. உக்கிய பாறையும் பழைய சரிவுகளின் படிவுமான நம் மலைச்சரிவில், தூர்ந்துபோன கான்களிலிருந்து வழியும் நீர் உட்புகுந்து அழுத்தம் ஏற, மண் தன் பிடியை இழக்கிறது.

24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவு. வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறுங்கள். விண்ணப்பம் எழுதும் நேரம் அதுவன்று.

எழுத வேண்டியது வெயில் காலத்தில். தோட்டம், டிவிசன், லயத்தின் இலக்கம், வெடிப்பின் நீள அகலம், முதன்முதல் கண்ட நாள், அங்கு வசிப்போர் தொகை, புதிதாகக் கசியும் ஊற்று, சாய்ந்த மரம், இறுகித் திறக்க மறுக்கும் கதவு ஆகிய யாவற்றையும் தமிழிலேயே எழுதி, புகைப்படத்துடன் கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள். பிரதேச செயலாளருக்கும் அந்நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் பிரதிகளைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் பிரதியில் திகதியும் கையொப்பமும் முத்திரையும் பெறாமல் அலுவலகப் படியை விட்டு இறங்காதீர்கள். “தோட்டம் கம்பனியின் பொறுப்பு” என்று அரசாங்க உத்தியோகஸ்தரும், “அது கிராம உத்தியோகத்தரின் வேலை” என்று தோட்ட நிர்வாகமும் சொல்லுவார்கள். 1992இல் தோட்டங்கள் குத்தகைக்குப் போன நாள்முதல் இந்தப் பந்தாட்டம் நடந்துகொண்டேயிருக்கிறது.

உங்கள் விண்ணப்பத்தின் பேரில் அந்நிறுவனத்தின் பரிசோதகர்கள் வந்து பார்த்துச் சென்றபின் அவர்களது அறிக்கை எங்கேனும் ஒரு கோவையில் உறங்கும். லயத்தில் வசிப்பவனுக்கு அதன் பிரதியைக் கொடுக்க வேண்டுமென்ற நினைவே எவருக்கும் எழுவதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. அறிக்கையை வைத்திருக்கும் அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் அதன் பிரதியைக் கேளுங்கள். எழுத இயலாதவர் வாயால் கேட்கலாம், அதை எழுதிக்கொள்வது அந்த அலுவலரின் கடமை. சாதாரணக் கோரிக்கைக்கு முடிவு 14 வேலை நாட்களுக்குள் வரவேண்டும். ஆனால் பிரஜையின் உயிரும் தனிமனித சுதந்திரமும் சம்பந்தப்பட்டதாயின் 48 மணித்தியாலங்களுக்குள் பதில் வந்தாக வேண்டும். ஆகையால் தலைப்பிலேயே ‘உயிர் சம்பந்தமான கோரிக்கை’ என்று எழுதுங்கள். பெற்றுக்கொண்டதற்கான எழுத்து மூல அத்தாட்சியையும் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேன்முறையீட்டு அலுவலரிடமும், அங்கும் நியாயம் கிடையாவிடின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

இன்னொன்றும் சொல்லுகிறேன், ஏனெனில் இதைத்தான் ஜனங்கள் அதிகம் அலட்சியம் செய்கிறார்கள்: மழை விட்டுவிட்டது, கோழிகள் பட்டினி கிடக்கும், கதவு திறந்து கிடக்கும் என்று மறுநாளே லயத்துக்குத் திரும்பாதீர்கள். மலைக்குள் இறங்கிய நீர் வெயில் அடித்த மறுகணமே வடிந்துவிடுவதில்லை; வானம் வெளுத்த பிறகும் சரிவு இறங்கும். திரும்பலாமென்ற அனுமதியைப் பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். வெடிப்பு அகன்றாலோ ஊற்று கலங்கி ஓடினாலோ, இரவாயினும் பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு முதலில் இறங்கிவிட்டு, அதன்பின் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் அழையுங்கள்.