காமிரா பார்த்தது, பெட்டி அழித்தது!
சாத்தான்குளம் சொல்லும் பாடம்

வையம்பட்டி,
திருச்சி - திண்டுக்கல் சாலையில் கடை வைத்திருப்பவரே! வாசலில் காமிரா மாட்டியாச்சு, இனி கவலை இல்லை என்று நினைக்கிறீரா? சற்றுப் பொறும்!

2020 ஜூன் 19. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் போலீஸ் நிலையம். அங்கே கொண்டு செல்லப்பட்ட வியாபாரி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். நாடே கொதித்தது.

நிலையத்தில் காமிரா இருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பதிவைக் கேட்டார். இல்லை! 1 டெராபைட் இடமிருந்தும், அன்றாடப் பதிவு தானாக அழியும்படி செட் செய்யப்பட்டிருந்தது தெரிய வந்தது.

எத்தனை நாள் தாங்கும்?

2020 டிசம்பர் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. எல்லா போலீஸ் நிலையங்களிலும் காமிரா வேண்டும். பதிவை 18 மாதம் வைக்க வேண்டும். வசதி இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது!

இதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்பும் ஒரு காமிரா ஒரு நாளில் 21.6 ஜிகாபைட் தின்னும். 4 காமிரா இருந்தால் 1 டெராபைட் டிஸ்க் பதினொன்றரை நாளில் நிரம்பிவிடும். அப்புறம் பழசின் மேலேயே புதுசு பதியும். 10 காமிராவுக்கு 18 மாதம் என்றால் சுமார் 120 டெராபைட்!

ஒரே பெட்டியை நம்பலாமா?

கூடாது. பெரிய இடங்களில் ஒரு சர்வருக்குள் பல சர்வர்களைத் தனித்தனியே ஓட்டுகிறார்கள். ஒரு வீட்டில் பல குடித்தனம் மாதிரி. இதற்கு 'விர்ச்சுவல் சர்வர்' என்று பெயர். ஒரு மிஷின் படுத்தால், அதன் குடித்தனங்கள் பக்கத்து மிஷினில் எழுந்து பதிவைத் தொடரும்.

அதற்குப் படங்கள் எல்லா மிஷினுக்கும் பொதுவான ஸ்டோரேஜில் இருக்க வேண்டும். அங்கேயும் ஒரு டிஸ்க் கெட்டால் மற்ற டிஸ்க்குகளைக் கொண்டு மீட்கும்படி அமைக்க வேண்டும்.

ஆனால் எத்தனை லட்சம் கொட்டினாலும், 'தினமும் அழி' என்று ஒருவர் செட் செய்துவிட்டால் அத்தனையும் வீண்! சாத்தான்குளத்தில் டிஸ்க்கில் இடம் இல்லாமல் போகவில்லையே! எனவே அந்த செட்டிங்கை மாற்றும் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, யார் எப்போது மாற்றினார் என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.

கடைக்காரரே, இன்று ராத்திரி ஷட்டரை இழுக்கும் முன் 15 நாளுக்கு முந்தைய படத்தைப் போட்டுப் பாரும். வந்தால் சரி. வராவிட்டால் உம் வாசலில் தொங்குவது வெறும் சோளக்கொல்லை பொம்மைதான்!